ஒன்பதாம் நம்பர் காட்டுக் காலடிகள்

பனிச்சோலை எஸ்டேட்டில் அபாயச் சங்கு ஊதினால் யாரும் பதறுவதில்லை. "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான்கு வருடத்தில் பதினோரு முறை சும்மா ஊதிய சங்கு அது. ஊதியே தீர வேண்டிய ஒரு நாளில், போன ஆகஸ்டில், வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஆறாம் நம்பர் காடு சரிந்து இறங்கி ஐந்து பேரை மூடிவிட்டது. எஸ்டேட்டில் காடு என்றால் தேயிலைச் சரிவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு.

அந்த ஐந்து பெயர்களும் பர்வீனுக்கு மனப்பாடம். சங்கை ஊதவைக்கும் கணினி ஏற்பாட்டைச் செய்தவர்கள் இரண்டே பேர், அவளும் தேவசகாயமும். கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள், இப்போது எஸ்டேட்டின் பழைய உரக் கிடங்கில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். சரிவுகளில் அறுபது அதிர்வுக் கருவிகளைப் புதைத்திருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'காது'.

மாவட்ட நிர்வாகம் கடைசியாக ஒரு கெடு கொடுத்திருந்தது. ஆகஸ்டுக்குள் சங்கை நம்பும்படி ஆக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு நேர் கீழே கீழ் லயம், தொழிலாளர்களின் நாற்பத்தாறு வீடுகள். சங்கு இல்லாவிட்டால் அந்த வீடுகளுக்கு மழைதான் சேதி சொல்லும்.

"சல்லடையில மட்டும் கை வைக்காத, பர்வீன். மத்தது என்ன வேணா பண்ணு" என்றான் தேவா. ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். தயிர்சாதத்தில் மழைத்துளி விழாமலிருக்க இருவரும் கிடங்கின் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"கை வைக்கலடா, மொதல்ல கேளு. நம்மகிட்ட மூணு பேரு இருக்காங்க. முதல் ஆளு உன் சல்லடை. காதுல விழற சத்தத்துல வேண்டாததை வடிகட்டறான். ரெண்டாவது ஆளு என் இருநூறு தீர்மான மரம். மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டுச்சா, மண்ணு அசைஞ்சுதான்னு கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வரும். மூணாவது ஆளு சங்கு. ஒருத்தன் காய் நறுக்கறான், ஒருத்தன் தாளிக்கறான், ஒருத்தன் உப்புப் போடறான். கொழம்பு கெட்டுப்போனா மூணு பேருமே 'என் வேலையை நான் சரியாத்தான் செஞ்சேன்'ங்கறானுங்க."

"சரி, அதுக்கு?"

"மூணையும் அப்படியே ஒரே நியூரல் நெட்வொர்க்கா மாத்திடலாம். மரத்துல ஒவ்வொரு கிளையும் ஆமா இல்லைன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா இருக்கில்ல? அதை 'முக்காவாசி ஆமா, கால்வாசி இல்லை'ன்னு வழவழப்பாக்கணும். அப்பத்தான் சங்குல நடந்த தப்பு அது வழியா பின்னாடி ஊறி வரும். மரத்துக்கு வரும், மரத்தைத் தாண்டி உன் சல்லடைக்கும் வரும். மூணு பேரும் ஒண்ணா சேர்ந்து திருத்திக்குவாங்க."

"ஒண்ணுமே தெரியாத புது நெட்வொர்க் ஒண்ணைப் போட்டுப் பழக்கினா ஆகாதா?"

"அதுக்கு ஆயிரக்கணக்குல சரிவு வேணும். நாலு வருசத்துல நம்மகிட்ட இருக்கறது சின்னதும் பெருசுமா இருபத்து மூணு. நாம கத்துக்கிட்டதோட அது பொறக்கணும் தேவா. மாத்தின அன்னிக்கு நம்ம பழைய ஏற்பாடு என்ன சொல்லுமோ அதையேதான் சொல்லும். அதுக்கப்புறம்தான் திருந்த ஆரம்பிக்கும்."

தேவாவுக்கு மனசே இல்லை. சல்லடை அவன் பெற்ற பிள்ளை மாதிரி. காதுகளைப் புதைத்த முதல் மாதத்தில் பெண்கள் காட்டுக்குள் கால் வைத்தாலே சங்கு அலறியது. "எங்க காலுக்கே சங்கு ஊதுதுங்க சார்" என்று எஸ்டேட்டே சிரித்தது. அவமானம் தாங்காமல் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, மனிதக் காலடிச் சத்தம் ஒன்றுகூட உள்ளே போகாதபடி அடைத்தவன் அவன். அதன் பிறகு மரங்கள் பார்த்ததெல்லாம் சல்லடை விட்ட மிச்சத்தைத்தான். சல்லடை தப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட அந்த ஏற்பாட்டில் ஆளே இல்லை.

ஆனாலும் பிடிவாதக்காரன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். வடிகட்டாத பழைய பதிவுகளில் ஒன்றையும் அழிக்காமல் பெட்டி பெட்டியாக வைத்திருந்தான். ஐந்து வாரம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜூலை இரண்டாவது வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பயிற்சி முடிந்தது. ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வியைத்தான் தேவா அன்றைக்கும் கேட்டான். "தப்பு எவ்வளவு?"

பர்வீன் திரையைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பழக்கும்போது அதன் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த எட்டுச் சரிவுகளில் ஏழைக் கண்டுபிடித்திருந்தது. அதுவும் ஒருநாள் முன்னாலேயே. சும்மா ஊதியது ஒரே ஒரு முறை. ஒளித்து வைத்தவற்றில் ஆறாம் நம்பர் காடும் இருந்தது. முப்பத்தொரு மணி நேரம் முன்னதாக அதற்குச் சங்கு ஊதியிருந்தது.

"தேவா!" என்று அவள் போட்ட கூச்சலில் கிடங்குக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நாற்பதை நெருங்குகிற வயதில் அப்படிக் குதிக்க வெட்கமாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. ஆறாம் நம்பர் காட்டை அது பார்த்துவிட்டது என்ற நினைப்பில் பர்வீனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

குதித்து முடித்ததும், தப்பு பின்னால் ஊறிப் போய் எதை மாற்றியிருக்கிறது என்று தேடினார்கள். மரங்களில் பெரிய மாற்றமில்லை. மாறியிருந்தது சல்லடைதான். தேவா மூன்று மாதம் கஷ்டப்பட்டு அடைத்த ஓட்டைகளை மட்டும் பார்த்துப் பார்த்துத் திறந்துவிட்டிருந்தது.

"வினாடிக்கு ரெண்டு தட்டு" என்றான் தேவா மெதுவாக. அவன் முகம் தொங்கிவிட்டது. "இது காலடிதான், பர்வீன். நான் தூக்கி எறிஞ்ச காலடி."

"இரு, இரு. காலடி இருந்தா ஆபத்துன்னு சொல்லல. தலைகீழா இருக்கு பாரு. காலடி இல்லைன்னாத்தான் ஆபத்துங்குது."

"அப்ப ஞாயித்துக்கிழமை யாருமே காட்டுக்குப் போறதில்லையே?"

"அன்னிக்கு எந்தக் காட்டுலயும் ஆள் இல்ல. பக்கத்துக் காட்டுல ஆள் நடமாட்டம் இருந்து, இங்க மட்டும் இல்லைன்னா…" அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "தேவா, அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அன்றைக்கே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் காட்டுக்கு ஏறினாள். மாரித்தாய் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கத்தரியால் கொழுந்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பர்வீனைவிட நாலைந்து வயது மூத்தவள், கீழ் லயத்தில் மூன்றாவது வீடு. காலையில் சூப்பர்வைசர் ஆளுக்கொரு செடி வரிசையை, ஒரு நிரையை, பிரித்துக் கொடுப்பார். அந்த நிரையை விட்டு ஒருத்தி விலகிப் போவதென்றால் மற்றவர்கள் மாரித்தாயின் முகத்தைப் பார்ப்பார்கள்.

"அக்கா, சில நாளு சில எடத்துக்கு நீங்க போறதில்ல. சுத்திப் போறீங்க. ஏன்?"

கத்தரி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மெஷினு கண்டுபிடிச்சது."

மாரித்தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு மேடம்? இருபது வருசமா ஒரே மண்ணுல நடக்குறோம். மழை விழுந்தா கால் கொஞ்சம் அமுங்கும், அது எப்பவும் உள்ளதுதான். ஒருசில எடத்துல அமுங்குன கால் வெளிய வரும்போது மண்ணும் கூடவே வரும். செடி ஒரு பக்கமா சாஞ்சு, கத்தரிக்கு மட்டம் மாறும். வாய்க்காத் தண்ணி பால் விட்ட டீ மாதிரி வரும். அன்னிக்கு அந்தப் பக்கம் போக மாட்டோம், அவ்வளவுதான்."

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா? நிரையை முடிக்காம சாக்குச் சொல்றாளுகன்னு நோட்டீஸ் வரும். அதான் சுத்திப் போயிட்டு, எல்லா நிரையும் முடிச்சாச்சுன்னு சொல்லிருவோம். நீங்களும் மேனேஜர் தொரை காதுல போட்டுறாதீங்க மேடம்."

பர்வீன் தலையாட்டினாள். தலையாட்டியது நிஜம்தான். ஆனால் சந்தோஷம் ஒரு மனுஷியை என்னவெல்லாம் உளற வைக்கும் என்பதற்கு அவளே சாட்சி. திங்கட்கிழமை மேனேஜர் கிருபாகரனுக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கும் புதிய ஏற்பாட்டைக் காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். "எப்படிங்க இவ்வளவு துல்லியமா வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். அவள் வாய் ஓயாமல் சொன்னாள். திரையில் ஒன்பதாம் நம்பர் காட்டை விரித்து, "பாருங்க, எந்த நிரையில கால் படலையோ அதான் துப்பு" என்று சிவப்புக் கோடுகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். கிருபாகரன் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. தேவா கவனித்தான், மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். அதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

மறுநாளே உத்தரவு வந்தது. எந்த நிரையையும் விடக் கூடாது, சுற்றிப் போகக் கூடாது, ஒவ்வொரு காட்டிலும் ஒரு சூப்பர்வைசர் நின்று பார்க்க வேண்டும். பர்வீன் கிருபாகரனிடம் ஓடினாள். அவர் கெட்டவர் இல்லை, கோயம்புத்தூர் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "மேடம், சரிவைப் பாத்துக்கத்தான் இப்ப மெஷின் இருக்கே. அது சிவப்புக் காட்டட்டும், நானே எறங்கச் சொல்றேன்" என்றார்.

"சார், அது பாக்கறதே அவங்க காலைத்தான்!"

அவர் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொள்ள நேரமுமில்லை, போன் அடித்துக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து மழை வந்தது. அதை மழை என்று சொல்வதே குறைத்துச் சொல்வது. முதல் நாள் நூற்றெழுபது மில்லிமீட்டர், மறுநாள் மதியத்துக்குள் இன்னும் நூற்றிருபது. எஸ்டேட் முழுக்க ஓடைகள் இரைந்தன. உரக் கிடங்கின் திரையில் ஒன்பதாம் நம்பர் காடு பச்சையாக இருந்தது. அதில் வினாடிக்கு இரண்டு தட்டு, முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள். நிறுத்தவே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள், நடக்க வைக்கப்பட்டிருந்தார்கள்.

"பழைய மரங்க மட்டும் இருந்திருந்தா இந்நேரம் ஊதியிருக்கும். இது காலடியைப் பாத்து 'ஆளுங்க நடக்கறாங்க, அப்ப பயமில்ல'ன்னு இருக்கு. அவங்களை அது அவ்வளவு நம்புது, பர்வீன்" என்றான் தேவா.

சங்கைக் கையால் ஊதவும் வழியில்லை. பதினோரு பொய்ச் சங்குகளுக்குப் பிறகு கையால் ஊதும் பொத்தானையே கழற்றிவிட்டார்கள். பர்வீன் மேனேஜருக்குப் போன் போட்டாள். "பச்சைதானே காட்டுது? நீங்கதானே மேடம் நம்பச் சொன்னீங்க?" என்றார் அவர். சங்கு ஊதாமல் வேலையை விட்டு இறங்கினால் நோட்டீஸ். ஊதிவிட்டால் யாரும் தடுக்க முடியாது, லயத்து ஆட்கள் தங்க மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டாக வேண்டும். அதுதான் சட்டம்.

அவள் ஓடினாள். காலில் அட்டை ஏறுவதைக்கூடப் பார்க்காமல் மேலே ஓடினாள். ஒன்பதாம் நம்பர் காட்டில் மாரித்தாயின் முழங்கால்வரை சேறு. வாய்க்கால் தண்ணீர், பால் விட்ட டீ.

"அக்கா… என்னை மன்னிச்சிருங்க. நாந்தான் சொல்லித் தொலைச்சேன்."

"தெரியும்" என்றாள் மாரித்தாய். அவள் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் கண் சரிவின் மேலேயே இருந்தது. "அதைப் பொறவு பேசிக்கலாம். இப்ப ஏன் ஊத மாட்டேங்குது?"

"நீங்க நடக்கறதால. உங்க காலு இங்க விழற வரைக்கும் அது ஊதாது."

மாரித்தாய் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினாள். "அப்ப நாங்க இங்கேருந்து போயிட்டா ஊதுமா?"

"சும்மா நின்னா போதாது. பக்கத்துல எட்டாம் நம்பருக்குப் போய் நடக்கணும். அங்க காலடி இருக்கணும், இங்க இருக்கக் கூடாது."

மாரித்தாய் திரும்பிக் குரல் கொடுத்தாள். ஒரே குரல்தான். முப்பத்திரண்டு கத்தரிகளும் நின்றன. குடைக்கடியிலிருந்து சூப்பர்வைசர் செல்லையா கத்திக்கொண்டே வந்தார். "எங்க கெளம்புறீங்க எல்லாரும்? பேரை எழுதட்டுமா?"

"எழுதுங்க சூப்பர்வைசரே. உங்க வீடும் கீழ் லயத்துலதான் இருக்கு. ராத்திரி ஷிப்ட் முடிச்சு உங்க வீட்டு அக்கா இப்ப அங்கதான தூங்கிட்டிருக்கும்?" என்றாள் மாரித்தாய்.

செல்லையா சரிவைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். நோட்டை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் எட்டாம் நம்பருக்கு நடந்தார்.

எட்டாம் நம்பர் காட்டில் அவர்கள் நடந்த மாதிரி அதற்கு முன்னால் யாரும் நடந்திருக்க மாட்டார்கள். கொழுந்தைத் தொடவில்லை. மேலும் கீழும், கீழும் மேலும் நடந்தார்கள், ஒருத்தி வேண்டுமென்றே காலை ஓங்கி ஓங்கி மிதித்தாள், மழையில் யாரோ சிரித்தார்கள்கூட. பர்வீனும் கூடவே நடந்தாள். போனில் தேவா சொல்லிக்கொண்டே வந்தான். "பச்சை… இன்னும் பச்சை… மஞ்சள்… மஞ்சள்தான்…" நாற்பது நிமிஷம். அவளுக்கு நாற்பது வருஷம்.

பிறகு சங்கு ஊதியது.

அன்றைக்குச் சிரிக்க ஆளில்லை. ஊதவைத்தவர்களே அந்த வீட்டுக்காரிகள். அவர்கள் இறங்கி ஓடிய ஓட்டத்தில் கீழ் லயம் அரை மணியில் காலியானது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, நடக்க முடியாதவர்களைத் தூக்கி, கோழிக்கூண்டுகளைக்கூட விடாமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஒன்பதாம் நம்பர் காட்டின் பாதி கீழே வந்தது. பத்தொன்பது வீடுகள் போயின. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில் மாரித்தாய் பர்வீனின் கன்னத்தில் செல்லமாக ஒரு அறை அறைந்தாள். "இது நீங்க சொல்லித் தொலைச்சதுக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே கட்டிக்கொண்டாள்.

விசாரணை அறிக்கை வந்தது. புதிய இயந்திரம் மூன்று மணி நேரம் முன்பே கணித்து நாற்பத்தாறு குடும்பங்களைக் காப்பாற்றியது என்றது. கிருபாகரன் பேட்டி கொடுத்தார். காட்டுக்கொரு சூப்பர்வைசரைக் காவல் வைத்த உத்தரவு சத்தமில்லாமல் மறைந்தது. கூடவே மாவட்டத்திலிருந்து இன்னொரு உத்தரவு வந்தது. முப்பது நாள் சங்கு ஊதாமலிருந்தால், மிச்சமுள்ள இருபத்தேழு வீடுகளில் பழையபடி ஆட்களைக் குடிவைக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர வேண்டுமே. வேறு இடத்தில் வீடு கட்டித் தரச் சொல்லி மாரித்தாயும் மற்றவர்களும் எழுதிய மனுவுக்குப் பதில் வரவில்லை. ஒன்பதாம் நம்பர் காட்டின் மறுபாதி இன்னும் மேலேயே இருந்தது.

இருபத்தொன்பதாவது நாள், சுள்ளென்று வெயிலடிக்கும் காலையில், சங்கு ஊதியது.

பர்வீன் பதிவுகளைத் திறந்தாள். நான்கு நாளாக மழை இல்லை, மண் அசையவில்லை. ஆனால் மூன்று நாளாக ஒன்பதாம் நம்பர் காட்டில் ஒரு காலடிகூட இல்லை. எட்டாம் நம்பரில் திருவிழாக் கூட்டம்.

அவள் நேராக மாரித்தாயிடம் போனாள். "அக்கா, நெஜமாவே கால் அமுங்குச்சா?"

மாரித்தாய் பொய் சொல்லவில்லை. "அமுங்கல. நல்லாக் காஞ்சு கிடக்கு. ஆனா அடுத்த மழைக்கு அமுங்கும், இல்லாட்டி அதுக்கடுத்த மழைக்கு. அந்த வீட்டுல ராத்திரி என் புள்ளைங்களைப் படுக்க வைக்கச் சொல்றீங்களா மேடம்?"

பர்வீன் கிடங்குக்குத் திரும்பினாள். ஒவ்வொரு சங்குக்கும் பிறகு பொறுப்பான பொறியாளர் ஒன்றே ஒன்றை எழுத வேண்டும்: சரி அல்லது தவறு. தவறு என்று எழுதினால் இந்தச் சங்கு ஊதாத கணக்கு, நாளை மறுநாள் வீடுகள் திறக்கும். அதோடு முடியாது. சனிக்கிழமைப் பயிற்சியில் அந்தத் தவறு சங்கிலிருந்து மரங்களுக்கும், மரங்களிலிருந்து சல்லடைக்கும் ஊறி வரும். அந்தப் பெண்களின் கால்களை இனி அவ்வளவு நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கும். அவர்களின் காலடிக்கு ஓட்டை மறுபடி அடைபடும்.

தேவா பின்னால் வந்து நின்றான். "பொய் சொல்லிக் கொடுக்கப் போறியா?"

"பொய்யா இது? அந்தச் சரிவுக்குக் கீழ மனுஷங்க இருக்கலாமான்னு தெரிஞ்சுக்கத்தான தேவா இதை வச்சோம்? கேள்வி அதுதானே?"

அவன் திரைக்குக் குனிந்தான். தன் சல்லடையைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் 'சரி' என்று தட்டினாள். முப்பது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது, அவள் நெஞ்சு குதித்தது. ஆறாம் நம்பர் காட்டைக் கண்டுபிடித்த காலையில் குதித்த அதே குதி.

சனிக்கிழமை பயிற்சி ஓடி முடிந்தது. தேவா வழக்கம்போலக் கேட்டான். "தப்பு எவ்வளவு?"

"நம்ம பக்கம் ஒண்ணுமில்ல" என்றாள் பர்வீன்.